எண்ணச் சுழற்சி நோய்க்கான எதிர்கொள்ளல் சிகிச்சையும் சிகிச்சையாளர்களின் தயக்கமும்

எண்ணச் சுழற்சி நோய் என்பது, வேண்டாத எண்ணம் ஒன்று மனத்தில் மீண்டும் மீண்டும் புகுந்து அலைக்கழிப்பதும், அதனால் எழும் பதற்றத்தைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதுமான மனநலக் குறைபாடு. ஓசிடி என்னும் ஆங்கிலச் சுருக்கப் பெயராலேயே இது பரவலாக அறியப்படுகிறது. தோல் உரியும்வரை கை கழுவுவோர், பூட்டிய கதவைப் பத்து முறை இழுத்துப் பார்ப்போர், யாருக்கும் தெரியாமல் மனத்துக்குள்ளேயே ஒரு சொல்லை எண்ணிக்கை தவறாமல் சொல்லிக்கொள்வோர் எனப் பல வகையினர் உண்டு. தம் செயல் மிகையானது என்பது நோயாளிகளுக்குப் பெரும்பாலும் தெரியும். தெரிந்தும் விட முடியாது என்பதே இந்நோயின் கொடுமை.

இதற்கான உளவியல் சிகிச்சைகளில் மிக உறுதியான சான்றுகளைக் கொண்டது எதிர்கொள்ளல்–செயல்தடுப்புச் சிகிச்சை. இதில் இரண்டு பகுதிகள் உள்ளன. அஞ்சும் பொருளையோ இடத்தையோ எண்ணத்தையோ நோயாளி வேண்டுமென்றே எதிர்கொள்கிறார்; இது முதல் பகுதி. பதற்றம் எழுந்த பின் வழக்கமாகச் செய்யும் கட்டாயச் செயலைச் செய்யாமல் இருக்கிறார். இது இரண்டாம் பகுதி. அழுக்கை அஞ்சுபவர் கதவுக் கைப்பிடியைத் தொடுவார், தொட்ட கையைக் கழுவ மாட்டார். கேட்பதற்கு எளிது. ஆனால் நோயாளிக்கு அந்த அரை மணி நேரம் மலையைச் சுமப்பது போன்றது.

இச்சிகிச்சை 1966-இல் தோன்றியது. 1970-களிலேயே அதன் பயன் தெரிந்துவிட்டது. இருந்தும் பல பத்தாண்டுகளாகச் சிகிச்சையாளர்களில் பலர் இதைக் கையாளாமல் விட்டனர். கையாண்டவர்களிலும் பலர் நீர்த்துப்போன வடிவில் கையாண்டனர். நோயாளி பயந்து ஓடியதைவிட மருத்துவர் தயங்கியது இச்சிகிச்சையின் வரலாற்றில் பெரிய இடத்தைப் பிடித்திருக்கிறது. அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு நியாயம் இருந்தது, அது எப்படி ஆராயப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1966-க்கு முன்

பிரெஞ்சு உளவியலாளர் பியேர் ஜானே 1903-இல் இந்நோயைப் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். சிக்மண்ட் பிராய்டு 1909-இல் ‘எலி மனிதன்’ என்று பெயர்பெற்ற நோயாளியின் வரலாற்றை எழுதினார். அதன்பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்நோயை விளக்கும் பொறுப்பை உளப்பகுப்பாய்வு ஏற்றுக்கொண்டது. விளக்கம் வளர்ந்த அளவுக்கு குணம் கிடைக்கவில்லை.

பிராய்டே இதை உணர்ந்திருந்தார் என்பது பலர் கவனிக்காத செய்தி. 1918-இல் புடாபெஸ்ட் நகரில் ஆற்றி, மறுஆண்டு அச்சான உரையில், அச்ச நோயாளிகளைப் பேச வைத்தால் மட்டும் போதாது, அவர்கள் அஞ்சும் தெருவுக்கே சென்று பதற்றத்தோடு போராடும்படி செய்ய வேண்டும் என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். எண்ணச் சுழற்சி நோயாளிகளைப் பொறுத்தவரை, வெறுமனே காத்திருந்தால் பகுப்பாய்வு முடிவின்றி நீண்டுகொண்டே போகும் என்றும் எச்சரித்தார். அவர் வழி வந்தவர்கள் இந்த உரையைவிட அவருடைய மற்ற நூல்களையே அதிகம் பின்பற்றினர்.

உளப்பகுப்பாய்வாளர்களிடம் வேரூன்றிய ஒரு கருத்து பின்னாளில் பெரும் தடையாயிற்று. கட்டாயச் செயல் என்பது ஆழ்மனத்தில் அடக்கப்பட்ட முரண்பாட்டின் வெளிக்குறி. அதை மட்டும் தடுத்தால் ஓரிடத்தில் அடைத்த நீர் வேறிடத்தில் பீறிடுவது போல இன்னொரு நோய்க்குறி தோன்றும் என்று கருதினர். ‘குறி மாற்றம்’ எனப்பட்ட இந்தக் கருத்துக்கு மேலும் ஒரு படி இருந்தது. கை கழுவுவதை வலிந்து நிறுத்தினால் நோயாளியின் மனம் நொறுங்கிவிடும், பித்து பிடித்துவிடும் என்ற அச்சமே அது. கட்டாயச் செயலைத் தடுக்கக் கூடாது என்பது நல்ல மருத்துவரின் இலக்கணமாகவே கருதப்பட்டது.

கடுமையான நோயாளிகளுக்கு மிஞ்சியிருந்த வழிகளில் ஒன்று மூளையின் முன்பகுதி நரம்பிழைகளைத் துண்டிக்கும் அறுவை. போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் 1935-இல் தொடங்கிய இம்முறைக்கு 1949-இல் நோபல் பரிசும் கிடைத்தது. கை கழுவ விடாமல் தடுப்பதைக் கொடுமை என்று எண்ணிய காலம், மூளையை அறுப்பதை ஏற்றுக்கொண்டது விந்தைதான்.

ஜோகன்னஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஜோசப் வோல்ப் 1958-இல் வெளியிட்ட நூல் நடத்தைச் சிகிச்சை என்னும் புதிய துறைக்கு அடித்தளமிட்டது. உடலைத் தளர்த்தி அமைதியாக இருக்கும் நிலையில், சிறிய அச்சத்தில் தொடங்கிப் பெரிய அச்சம்வரை ஒவ்வொன்றாகக் கற்பனை செய்ய வைப்பது அவர் முறை. தனித்தனி அச்சங்களுக்கு இது நன்றாகப் பயன்பட்டது. எண்ணச் சுழற்சி நோய்க்கு அந்த அளவு பயன்படவில்லை. ஆயினும் நோயாளிக்குப் பதற்றமே வராமல் பார்த்துக்கொண்டு குணப்படுத்துவதுதான் முறை என்ற எண்ணத்தை இது நடத்தைச் சிகிச்சையாளர்களிடையேயும் விதைத்துவிட்டது.

மூடப்பட்ட குழாய்கள்

விக்டர் மேயர் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய உளவியலாளர். 1966-இல் அவர் ஓர் ஆய்விதழில் வெளியிட்ட சிறு கட்டுரையில் இரண்டு பெண் நோயாளிகளின் சிகிச்சை விவரிக்கப்பட்டது. ஒருவர் அழுக்கைப் பற்றிய அச்சத்தால் கழுவுவதிலும் துடைப்பதிலும் நாளைக் கழித்தவர். மற்றவர் தெய்வ நிந்தனையான எண்ணங்கள் வந்துகொண்டே இருந்ததால் துன்புற்றவர்.

மேயருக்கு விலங்குச் சோதனைகள் பற்றிய அறிவு இருந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சாலமன், காமின், வின் ஆகியோர் 1953-இல் வெளியிட்ட நாய்ச் சோதனைகள் அவற்றுள் புகழ்பெற்றவை. மின்னதிர்ச்சியிலிருந்து தப்பத் தடுப்பைத் தாவக் கற்ற நாய், அதிர்ச்சி நிறுத்தப்பட்ட பிறகும் தாவிக்கொண்டே இருக்கும். தாவுவதால், ஆபத்து நீங்கிவிட்டது என்பதை அறியும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. தாவ முடியாதபடி குறுக்கே கண்ணாடித் தடுப்பு வைத்துப் பார்த்த சோதனைகளும் இதில் அடங்கும். பின்னர் எலிகளை வைத்தும் இவ்வகை ஆய்வுகள் நடந்தன.

மனிதருக்கும் இது பொருந்தும் என்று மேயர் கருதினார். கழுவுகிறவர், கழுவாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒருநாளும் கண்டறிவதில்லை. ஆகவே கண்டறிய வைக்க வேண்டும். நோயாளி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அறையின் குழாய்கள் மூடப்பட்டன. சோப்பு முதலிய துப்புரவுப் பொருள்கள் அளந்தே தரப்பட்டன. செவிலியர்கள் நாள் முழுதும் உடனிருந்து, கட்டாயச் செயலில் இறங்காதபடி பேசியும் வேறு வேலைகளில் ஈடுபடுத்தியும் பார்த்துக்கொண்டனர். ஓரளவு அடங்கியதும், அவர் அஞ்சிய பொருள்களையே கையாள வைத்தனர். பிறகு கண்காணிப்பு சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டது.

நோயாளிகளின் மனம் நொறுங்கவில்லை. இருவரும் தேறினர்.

மேயரும் உடன் பணியாற்றிய இருவரும் 1974-இல் 15 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டனர். அவர்களுள் 10 பேர் மிக நன்றாகவோ முற்றிலுமாகவோ குணமடைந்திருந்தனர். மற்றவர்களிடமும் ஓரளவு முன்னேற்றம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில் இருவருக்கே நோய் திரும்பியிருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வுதான். என்றாலும் அதுவரை எந்தச் சிகிச்சையும் இப்படியொரு விளைவைக் காட்டியதில்லை.

மேயருடைய நோயாளிகளுடன் இரவும் பகலும் இருந்தவர்கள் செவிலியர்கள். நோயாளி கெஞ்சும்போதும் சினந்து பேசும்போதும் குழாயைத் திறக்காமல் நின்றவர்களும் அவர்களே. அவர்கள் பெயர்கள் இத்துறையின் நூல்களில் இடம்பெறவில்லை.

மாட்ஸ்லி ஆண்டுகள்

1970-களில் இச்சிகிச்சையின் ஆய்வு லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனைக்கும் அதனை ஒட்டிய உளமருத்துவ நிறுவனத்துக்கும் நகர்ந்தது. ஸ்டான்லி ராக்மன், ஐசக் மார்க்ஸ், ரே ஹாட்ஜ்சன் ஆகியோர் இதில் முன்னணியில் இருந்தனர். ராக்மன் ஜோகன்னஸ்பர்கிலும் மார்க்ஸ் கேப் டவுனிலும் பிறந்தவர்கள். வோல்பையும் சேர்த்துப் பார்த்தால் நடத்தைச் சிகிச்சையின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கர்களின் பங்கு வியக்கத்தக்கது.

இம்மூவரும் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், நெடுநாள் நோயுற்ற 10 பேருக்கு மூன்று வாரங்களில் 15 அமர்வுகள் நடத்தப்பட்டன. உடல் தளர்த்தும் பயிற்சியோடு ஒப்பிட்டபோது எதிர்கொள்ளல் தெளிவாக மேம்பட்டிருந்தது. இந்த ஆய்வில் பயன்படுத்திய முறைகளில் ஒன்று, சிகிச்சையாளரே முதலில் செய்து காட்டுவது. நோயாளி அஞ்சும் அழுக்குப் பொருளைச் சிகிச்சையாளர் தன் கையால் எடுத்து, தன் ஆடையில் தேய்த்துக் காட்டுவார். பிறகே நோயாளி செய்வார். நாற்காலியில் சாய்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தொழிலில் இது பெரிய மாற்றம். குப்பைத்தொட்டியையும் கழிப்பறைத் தரையையும் முதலில் தொட வேண்டியவர் மருத்துவரே என்பதை எல்லோரும் விரும்பியிருக்க மாட்டார்கள்.

பதற்றம் கட்டாயச் செயலால்தான் தணியுமா, தானாகவும் தணியுமா என்ற கேள்விக்கு 1976-இல் விடை கிடைத்தது. ராக்மன், இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வா, ரோப்பர் ஆகியோர் நோயாளிகளிடம் பதற்றத்தைத் தூண்டி, கட்டாயச் செயலைச் செய்யவிடாமல் நேரத்தை மட்டும் கணக்கிட்டனர். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே உந்துதல் பெருமளவு குறைந்தது. மூன்று மணி நேரத்தில் ஏறத்தாழ அடங்கிவிட்டது. நோயாளி அஞ்சியது போல அது நாள் முழுதும் ஏறிக்கொண்டே போகவில்லை. ராக்மனும் டி சில்வாவும் 1978-இல் இன்னொன்றையும் காட்டினர். வேண்டாத, வெட்கப்படத்தக்க எண்ணங்கள் நோயற்ற மக்களுக்கும் வருகின்றன. உள்ளடக்கத்தில் இருசாராரின் எண்ணங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. டி சில்வா பின்னாளில், தொடக்க காலப் பௌத்த நூல்களில் வேண்டா எண்ணங்களைக் கையாளக் கூறப்பட்ட வழிகளை நடத்தைச் சிகிச்சையோடு ஒப்பிட்டும் எழுதினார்.

மார்க்ஸ் வேறொரு திசையில் சென்றார். 1972 முதல் செவிலியர்களையே நடத்தைச் சிகிச்சையாளர்களாகப் பயிற்றுவித்தார். இச்சிகிச்சைக்கு ஆழ்ந்த கோட்பாட்டு அறிவைவிடத் தெளிவான பயிற்சியும் உறுதியுமே முதன்மை என்பது அவர் கருத்து. பயிற்சி பெற்ற செவிலியர்கள் நல்ல பலனைக் காட்டினர். மருத்துவ உலகில் இதற்கு எதிர்ப்பும் இருந்தது.

கெட்ட பெயர்

சான்று பெருகிய அதே ஆண்டுகளில் சிகிச்சையின் பெயர் கெட்டது. காரணங்கள் பல. அமெரிக்காவில் தாமஸ் ஸ்டாம்பிளின் முறையில் நோயாளி தான் அஞ்சுவதன் மிகப் பயங்கரமான வடிவத்தைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது. படிப்படியாகச் செல்லாமல் உச்ச அச்சத்தில் ஒரேயடியாக இறக்கிவிடும் ‘ஃபிளடிங்’ முறையும் வழக்கில் இருந்தது. வெள்ளத்தில் தள்ளிவிடுவது என்று பொருள்தரும் அந்தப் பெயரே அச்சமூட்டக்கூடியது. இவற்றுக்கும் இன்றைய எதிர்கொள்ளலுக்கும் வேறுபாடு இருந்தாலும், வெளியில் இருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன.

அதைவிடக் கனமான காரணம், அதே காலத்தில் பிரிட்டனில் நடத்தைச் சிகிச்சை என்ற பெயரில் நடந்த வெறுப்பூட்டல் சிகிச்சை. தன்பால் ஈர்ப்புடையோரை ‘மாற்றுவதற்காக’ மின்னதிர்ச்சியும் வாந்தி மருந்தும் கொடுத்தனர். அது அநீதி. எதிர்கொள்ளல் சிகிச்சையில் தண்டனை எதுவும் இல்லை. ஆயினும் நடத்தைச் சிகிச்சையாளர் என்றால் துன்புறுத்துபவர் என்ற படிமம் மக்கள் மனத்தில் மட்டுமன்றி, மாணவர்களாக இருந்த வருங்காலச் சிகிச்சையாளர்கள் மனத்திலும் தங்கிவிட்டது.

ஆபத்து உண்மையில் எவ்வளவு? ஷிப்லியும் பூடவின்சும் 1980-இல் இவ்வகைக் கடுமையான முறைகளைப் பயன்படுத்திய சிகிச்சையாளர்களிடம் விவரம் திரட்டினர். அவர்கள் நடத்திய 3,493 நோயாளிகளில் கடுமையான பக்கவிளைவு கண்டவர்கள் 9 பேர். நூற்றுக்குக் கால் பங்கு அளவே. பின்னாளில் ரிச்சர்டும் கிளாஸ்டரும் 2007-இல், எதிர்கொள்ளலால் வழக்கு வரும் என்ற கவலை பெரிதாக இருக்க, அத்தகைய வழக்குகளோ அரிதாக இருப்பதை எடுத்துக்காட்டினர். இச்சிகிச்சைக்குத் தேவைப்படுவது மக்கள் தொடர்புப் பணி என்பது அவர்கள் முடிவு.

இத்தயக்கத்தின் நடுவே ‘எண்ண நிறுத்தம்’ போன்ற மென்மையான முறைகள் பரவின. வேண்டாத எண்ணம் வரும்போது ‘நிறுத்து’ என்று மனத்துக்குள் உரக்கச் சொல்வது அம்முறை. பயன் குறைவு. ஆனால் நோயாளியும் அழமாட்டார், சிகிச்சையாளரும் சங்கடப்பட வேண்டாம்.

பிலடெல்பியா

இஸ்ரேலின் ஹைஃபாவில் பிறந்து பிலடெல்பியாவில் பணியாற்றிய எட்னா ஃபோவா இத்துறையில் மிகுந்த செல்வாக்குப் பெற்றார். ஆலன் கோல்ட்ஸ்டைனுடன் 1978-இல் 21 நோயாளிகளின் சிகிச்சையை வெளியிட்டார். 1984-இல் வெளியான ஆய்வில் எதிர்கொள்ளல் மட்டும், செயல்தடுப்பு மட்டும், இரண்டும் சேர்ந்து என மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கப்பட்டது. சேர்ந்ததே சிறந்தது. ஒரு பாதியை மட்டும் கொடுக்கும் சிகிச்சையாளர் அரைப் பலனையே கொடுக்கிறார் என்பதற்கு இது சான்றாயிற்று.

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்த பெரிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வாழ்நாளில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இந்நோய் வரலாம் என்று காட்டி வியப்பூட்டியது. அதுவரை இது அரிய நோய் என்றே நூல்கள் எழுதிவந்தன. 1989-இல் குளோமிப்ரமின் மருந்துக்கு இந்நோய்க்கென அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு ஜூடித் ராபபோர்ட் எழுதிய நூல் பொதுமக்களிடம் நோயைக் கொண்டு சேர்த்தது. மாத்திரை எழுதிக் கொடுப்பது எளிது. நோயாளியோடு தெருவில் நடந்து குப்பைத்தொட்டியைத் தொடுவது கடினம். மருந்து பரவிய வேகத்தில் எதிர்கொள்ளல் பரவவில்லை.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2005-இல் ஃபோவாவும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்டது. 122 பேர் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். சிகிச்சையை முழுமையாக முடித்தவர்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் எதிர்கொள்ளல் குழுவில் நூற்றுக்கு 86, குளோமிப்ரமின் குழுவில் 48, இரண்டும் பெற்ற குழுவில் 79, மருந்தற்ற போலி மாத்திரைக் குழுவில் 10. தொடங்கியவர்கள் அனைவரையும் கணக்கில் கொண்டால் எதிர்கொள்ளல் குழுவின் எண் 62 ஆகக் குறைகிறது. நடுவில் விலகியவர்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அதே ஆண்டு பிரிட்டன் அரசின் சிகிச்சை வழிகாட்டல் அமைப்பான நைஸ், இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தது.

சிகிச்சையாளரை ஆராய்தல்

இவ்வளவு சான்று இருந்தும் ஏன் பரவவில்லை? இந்தக் கேள்வி 2000-க்குப் பிறகு ஆய்வுப் பொருளாயிற்று. அதுவரை நோயாளியை மட்டும் அளந்த அளவுகோல் இப்போது சிகிச்சையாளர் பக்கம் திரும்பியது.

ஒலதுஞ்சி, டீக்கன், ஆப்ரமோவிட்ஸ் ஆகியோர் 2009-இல், இது கொடுமையான சிகிச்சையா என்ற அறக்கேள்வியை நேரடியாக எடுத்துப் பேசினர். அதே ஆண்டு பிரிட்டன் உளவியலாளர் கிளென் வாலர், ‘சிகிச்சையாளர் விலகல்’ என்னும் கருத்தை விளக்கினார். நல்ல பயிற்சி பெற்றவர்களும் நாளடைவில் கடினமான பகுதிகளை விட்டுவிட்டு, இனிமையான உரையாடலுக்குச் சரிந்துவிடுகின்றனர் என்பது அதன் சாரம்.

அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரெட் டீக்கனும் குழுவினரும் 2013-இல் சிகிச்சையாளரின் நம்பிக்கைகளை அளக்க 21 கூற்றுகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினர். 637 சிகிச்சையாளர்கள் அதை நிரப்பினர். நோயாளிகள் இந்தப் பதற்றத்தைத் தாங்க மாட்டார்கள், வேண்டுமென்றே துன்பத்தைத் தூண்டுவது அறமன்று, அறைக்கு வெளியே அழைத்துச் சென்றால் நோயாளியின் இரகசியம் காக்கப்படாது, சிகிச்சையாளரின் மனமே பாதிக்கப்படும் என்ற வகையிலான கூற்றுகள் அதில் இருந்தன. இவற்றை அதிகம் நம்பியவர்கள், எண்ணச் சுழற்சி நோயுள்ள ஒருவரின் கற்பனை விவரத்தைக் கொடுத்துச் சிகிச்சைத் திட்டம் கேட்டபோது, மிகுந்த எச்சரிக்கையோடு மென்மையான திட்டங்களையே தந்தனர்.

நம்பிக்கை காரணமா, விளைவா? ஃபாரல், டீக்கன் முதலியோர் நடத்திய சோதனை இதற்கு விடை தேடியது. இச்சிகிச்சையில் முன் அனுபவம் இல்லாதவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு அது பாதுகாப்பானது என்ற செய்தியையும், மறு சாராருக்கு அது ஆபத்தானது என்ற எண்ணத்தைத் தரும் செய்தியையும் கொடுத்தனர். பின்பு நோயாளியாக நடித்த ஒருவரோடு பத்து நிமிட அமர்வு நடத்தச் சொன்னார்கள். இரண்டாம் சாரார் எளிதான பயிற்சிகளையே தேர்ந்தனர். நோயாளியின் பதற்றத்தைக் குறைக்கவே முயன்றுகொண்டிருந்தனர். நோயாளி ஒருவரே, நோயும் ஒன்றே. மாறியது சிகிச்சையாளர் மனத்தில் இருந்த எண்ணம் மட்டும்.

இதே குழுவினரின் இன்னொரு ஆய்வு, பதற்றத்தின் உடற்குறிகளைத் தாமே அதிகம் அஞ்சும் சிகிச்சையாளர்கள், கூடுதலான நோயாளிகளை இச்சிகிச்சைக்குத் தகுதியற்றவர்கள் என ஒதுக்கிவிடுவதைக் காட்டியது.

இதன் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. எண்ணச் சுழற்சி நோயாளி ‘எனக்கு ஒன்றும் ஆகாதே?’ என்று வீட்டாரிடம் திரும்பத் திரும்பக் கேட்பார். ‘ஒன்றும் ஆகாது’ என்ற பதில் சிறிது நேரம் ஆறுதல் தரும்; பிறகு மீண்டும் கேட்பார். இப்படி உறுதி கேட்பதும் ஒரு கட்டாயச் செயலே என்பதை பால் சால்கோவ்ஸ்கிஸ் 1985 முதல் வலியுறுத்திவந்தார். நோயாளி முகம் வாடியதும் ‘பயப்படாதீர்கள், இது சுத்தமானதுதான்’ என்று சொல்லிவிடும் சிகிச்சையாளர் செய்வதும் அதுவே. அந்தச் சொல்லால் நோயாளியின் பதற்றம் தணிகிறது, சொன்னவரின் பதற்றமும் தணிகிறது. நோய் மட்டும் அப்படியே இருக்கிறது.

நல்ல செய்தி, இந்த நம்பிக்கைகள் கல்லில் எழுதியவை அல்ல. பயிற்சிப் பட்டறைக்குப் பின் அவை குறைந்தன. சிகிச்சையாளரின் அச்சங்களையே நேரடியாக எடுத்துப் பேசி மாற்ற முயலும் பயிற்சி, வழக்கமான பயிற்சியைவிடக் கூடுதல் பயன் தருவதை 2016-இல் வெளியான முன்னோடி ஆய்வு ஒன்று காட்டியது.

தயக்கத்தின் நியாயம்

தயங்கியவர்கள் அனைவரையும் கோழைகள் என்று தள்ளிவிட முடியாது. மூடிய குழாய்களும் இடைவிடாத கண்காணிப்பும் இன்று ஏற்கப்படாதவை. நோயாளியின் ஒப்புதலோடு, அவரே தேர்ந்த வரிசையில் செல்வதே இன்றைய நடைமுறை. இயல்பு மனிதர் யாரும் செய்யாத அளவுக்கு மிகையான பயிற்சிகளைச் சிலர் கொடுத்ததும் விவாதத்துக்கு உள்ளானது. தொடங்க மறுப்போரும் நடுவில் விடுவோரும் எப்போதும் உண்டு.

இச்சிகிச்சையின் மூத்தவரான ராக்மனே பிற்காலத்தில் மென்மையின் பக்கம் பேசினார். 1982 முதல் கனடாவின் வான்கூவரில் பணியாற்றிய அவர், ராடோம்ஸ்கி, ஷாஃப்ரான் ஆகியோருடன் 2008-இல் எழுதிய கட்டுரையில், தொடக்க நாட்களில் சிறு பாதுகாப்புச் செயல்களை அளவோடு அனுமதிக்கலாம் என்று வாதிட்டார். 2011-இல் வெளியான சோதனையில், அழுக்கைத் தொட்டபின் ஈரத்துடைப்பானால் கை துடைக்க அனுமதிக்கப்பட்டவர்களிடமும், அனுமதிக்கப்படாதவர்களிடம் போலவே அச்சம் குறைந்தது. செயல்தடுப்பு முழுமையாக இருக்க வேண்டும் என்று நம்பியவர்களுக்கு இது கசந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ராக்மன் சொன்ன மென்மை, நோயாளி உள்ளே வருவதற்கான வாசல். சிகிச்சையாளர் தம் சங்கடத்துக்காகக் காட்டும் மென்மையை அதோடு சேர்த்து எண்ணக் கூடாது.

கோட்பாட்டில் திருப்பம்

ஃபோவாவும் கோசாக்கும் 1986-இல் முன்வைத்த விளக்கத்தின்படி, பயிற்சியின்போது அச்சம் எழ வேண்டும், பிறகு பழகிப்போய்த் தணிய வேண்டும். இந்த விளக்கம் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டானது. பதற்றம் தணிவதே வெற்றியின் அடையாளம் என்றால், அது தணியாதபோது சிகிச்சையாளர் கலங்குவார். மூச்சுப் பயிற்சி கொடுப்பார், பேச்சை மாற்றுவார், பயிற்சியைச் சுருக்குவார்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மிஷெல் கிராஸ்கேயும் உடன் பணியாற்றியோரும் 2008-இலும் 2014-இலும் வெளியிட்ட கட்டுரைகள் வேறுவிதமாகப் பார்த்தன. அமர்வின் முடிவில் பதற்றம் தணிந்ததா என்பது அவ்வளவு முதன்மையானதன்று. நோயாளி எதிர்பார்த்த தீங்கு நேரவில்லை என்பதை அவர் கற்றாரா என்பதே கேள்வி. பழைய அச்ச நினைவு அழிவதில்லை, அதன்மேல் புதிய நினைவு ஒன்று வலுப்பெறுகிறது. மேயர் 1966-இல் தம் கட்டுரைத் தலைப்பில் ‘எதிர்பார்ப்புகளை மாற்றுதல்’ என்றே எழுதியிருந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத் துறை அவர் சொல்லிடம் திரும்பி வந்தது.

அண்மைக்காலம்

நார்வேயின் பெர்கன் நகரிலுள்ள ஹாக்லாண்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் கெர்ட் குவாலே, பியார்னே ஹான்சன் ஆகிய உளவியலாளர்கள் நான்கே நாட்களில் முடியும் சிகிச்சை முறையை உருவாக்கினர். சில நோயாளிகளுக்கு அதே எண்ணிக்கையில் சிகிச்சையாளர்கள் இருப்பர். ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியே பயிற்சி செய்தாலும், சிகிச்சையாளர்கள் ஒருவர் முன் ஒருவர் பணியாற்றுகின்றனர். மூடிய அறையில் யாரும் பார்க்காதபோது நடக்கும் சறுக்கலுக்கு இங்கே இடம் குறைவு.

2020-இல் கோவிட் பெருந்தொற்று வந்தபோது பழைய கேள்வி புதிய வடிவில் எழுந்தது. உலக சுகாதார நிறுவனமே அடிக்கடி கை கழுவச் சொல்லும்போது, கழுவாதே என்று ஒரு நோயாளியிடம் எப்படிச் சொல்வது? பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று அவ்வாண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், தொற்றை அஞ்சும் நோயாளிகளுக்கு எதிர்கொள்ளலைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து மருந்துக்கு முன்னுரிமை தரலாம் என்றது. வேறு சிகிச்சையாளர்கள் இதை மறுத்தனர். பொதுச் சுகாதார விதி சொல்லும் இருபது நொடி கழுவலுக்கும் நோய் கேட்கும் இரண்டு மணி நேரக் கழுவலுக்கும் இடையில் போதிய இடம் இருக்கிறது, சிகிச்சை அந்த இடத்தில் தொடரலாம் என்பது அவர்கள் வாதம்.

ஊரடங்கு காரணமாகச் சிகிச்சை காணொளி அழைப்புக்கு மாறியது. மருத்துவமனையில் நன்றாகச் செய்தவர் வீட்டுக்குப் போனதும் பழைய நிலைக்குத் திரும்பும் சிக்கல் மேயர் காலத்திலிருந்தே இருந்தது. இப்போது நோயாளி கைபேசியைச் சமையலறை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு, தம் வீட்டுக் குழாயின் முன்னாலேயே நின்று பயிற்சி செய்ய, சிகிச்சையாளர் திரையில் உடனிருந்தார். தொற்று ஓய்ந்த பிறகும் பல இடங்களில் இம்முறை தொடர்கிறது.